அத்தானுக்கு 62

ஆடி அமாவாசை, மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்த மறுநாள். கல்லடி வீட்டு விறாந்தையில் சட்டித் தயிருக்குச் சீனி போட்டுக் குழைத்தபடி அத்தான் கேட்டார்: “மச்சான், கச்சேரியில பென்சன் கோப்புப் பாத்த ஆள்தானே நீ. எனக்கும் ஒரு கணக்குப் பாரு.”

கச்சேரி என்றால் எங்கள் ஊரில் மாவட்டச் செயலகம். அவரும் அக்காவும் நியூ ஜேர்சியிலிருந்து வந்திருக்கிறார்கள். அவருக்கு 62 ஆகிவிட்டது. அமெரிக்காவில் சோஷல் செக்கியூரிட்டி என்கிற அரச பென்சனைக் கேட்டு எடுக்கலாம். ஆனால் 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழுத்தொகை 67இல்தான். 62இலேயே எடுத்தால் 30 வீதம் வெட்டு, அதுவும் ஆயுள் முழுக்க. அக்காவுக்குத் தன் பெயரில் பென்சன் எடுக்கத் தேவையான 10 வருட உழைப்பு இல்லை. பிள்ளை வளர்த்ததற்கு யார் கணக்கு வைத்தார்கள்? அத்தானின் தொகையில் பாதிதான் அவளுக்கு.

“நான் முந்தி எடுத்தா இவட பாதியும் குறையும், என்ன?”

குறையாது. கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன். 67இல் அவருக்கு மாதம் 2,000 டொலர் என்று வைப்போம். 62இல் எடுத்தால் 1,400. அக்காவின் பாதியையோ அந்த 2,000இல் இருந்துதான் பார்ப்பார்கள். அவள் தன் 67 வரை பொறுத்தால் 1,000. அவளே 62இல் அவசரப்பட்டால் 650. அத்தான் விண்ணப்பிக்கும்வரை அவளுக்கு ஒன்றும் வராது. அவர் 70 வரை இழுத்தாலும் அந்தப் பாதி 1,000த்துக்கு மேல் ஏறாது.

“அப்ப இப்பவே எடுத்திரலாம்” என்று கரண்டியை வைத்தார்.

மற்றக் கணக்கைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. முதல்நாள்தான் தகப்பனுக்கு எள்ளுந் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்த மனுசன். கச்சேரியிலும் இதே கூச்சம்தான். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவோம். ‘டபிள்யூ அன்ட் ஓ.பி’ என்போமே தவிர, அந்தப் பெயரை முழுசாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடைசியில் அக்காவே கேட்டாள்: “இவர் இல்லாட்டி எனக்கு எவ்வளவு?”

உள்ளேயிருந்து அம்மா: “நல்ல நாளும் அதுவுமா என்ன கதை கதைக்கிறாய்!”

எழுதிக் காட்டினேன். அத்தான் 62இல் எடுத்தால், பின்னால் அக்காவுக்கு வரக்கூடியது கூடியபட்சம் 1,650, அந்த 2,000இல் 82.5 வீதம். 67 மட்டும் பொறுத்தால் 2,000. அதற்குமேல் வருடத்துக்கு 8 வீதமாக ஏறி 70இல் 2,480. அவருக்குப் பிறகு அதே தொகை அவளுக்கு. அக்காவுக்கு இப்போது 59. அவருக்கு 70 ஆகும்போது இவளுக்கு 67. அதனால் 70 வரை பொறுத்தாலும் அவளுடைய பாதிக்கு வில்லங்கமில்லை. இப்படிப் பொருந்திவருகிற கோப்பு என் கைக்கு அதிகம் வந்ததில்லை.

அத்தான் 1,650ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்மேல் ஒரு சொட்டுத் தயிர் விழுந்திருந்தது. சாமான்கிடங்கில் வருடக்கணக்காகப் பெட்டி தூக்கிய மனுசன், முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“70 மட்டும் இந்தக் கால் தாங்காது மச்சான். 67ஐப் பாப்பம்.”

அக்கா தயிரை விரலால் வழித்துவிட்டு, தாளை நாலாக மடித்துத் தன் பாஸ்போட்டுக்குள் வைத்தாள்.