தசை தளர்த்தற வெக்குரோனியத்தை மணி பார்த்துக் கொடுத்த அன்னைக்கு

நடந்து நாலு நாளாச்சு, இன்னும் மனசு ஆறல. மயக்க மருந்து கொடுக்கிற யாருக்காவது உதவும்னு எழுதறேன்.

லேப்ரோஸ்கோப்பில பித்தப்பை எடுக்கிற கேஸ், அந்தம்மா 60 கிலோ. ஓபியாய்ட் வலி மருந்தைக் குறைச்சுக்கலாம்னு மெக்னீசியம் சல்பேட் சேர்க்க முடிவு பண்ணேன். காலையிலயே தடங்கல், ஃபைல்ல கிட்னி வேலையைக் காட்டற கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காணோம். "நார்மல்தான்னு போன்ல சொன்னாங்க டாக்டர்"ங்கறாங்க. மெக்னீசியம் கிட்னி வழியாத்தான் வெளிய போகணும், பேப்பர் கைக்கு வராம தொடமாட்டேன்னு நின்னுட்டேன். முக்கால் மணி நேரம் போச்சு, சர்ஜனுக்குக் கோபம். எனக்கு அதுல வருத்தமே இல்ல.

அடுத்து ஆம்ப்யூல். 2 மில்லியில 1 கிராம், அதாவது 50 சதவீதம். சிரிஞ்சுல இழுத்து வச்சதை ஒருத்தர் அப்படியே ஐவில போட கை நீட்டிட்டாங்க, பதறிப்போய் தடுத்தேன். 20 சதவீதத்துக்கு மேல ரத்தக்குழாய்ல போகவே கூடாது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் கணக்குல 1.8 கிராம், 100 மில்லி சலைன்ல கலந்து 15 நிமிஷம் விட்டேன். வேகமா விட்டா பிரஷர் இறங்கிடும். "உடம்பெல்லாம் கதகதன்னு வருது டாக்டர்"னாங்க, அப்படித்தான் இருக்கும் பயப்படாதீங்கன்னேன். மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்ல ட்யூப் போடறப்ப, வழக்கமா ஏறற ஹார்ட் ரேட் ஏறவே இல்ல. அப்புறம் பம்ப்ல மணிக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம்.

தப்பு இங்கதான். நரம்பு முனையில அசிடைல்கோலின் வெளியாகறதையே மெக்னீசியம் குறைக்குது, அதனால தசை தளர்த்தற மருந்தோட வேலை நீளும்னு படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதியும் இருக்கேன். ஆனா தசை எவ்வளவு தளர்ந்திருக்குன்னு காட்டற ட்ரெயின் ஆஃப் ஃபோர் மானிட்டர் பக்கத்து தியேட்டர்ல இருந்துச்சு, கேட்டா அப்புறம் தரோம்னாங்க, சரின்னு விட்டுட்டு எப்பவும் போல அரை மணிக்கு ஒருதரம் வெக்குரோனியம் 1 மில்லிகிராம்னு ரெண்டு தடவை போட்டுட்டேன். ரெண்டாவது போட்ட பத்தாவது நிமிஷம் சர்ஜன் முடிச்சுட்டாரு.

கொஞ்ச நேரம் விட்டு, தசைத் தளர்ச்சியை ரிவர்ஸ் பண்ற நியோஸ்டிக்மின், கூடவே கிளைக்கோ போட்டாச்சு. ஒரு மூச்சுக்குப் போற காத்து, அதாவது டைடல் வால்யூம், 120, 150 மில்லி, அதுக்கு மேல வரல. "புருவத்தைச் சுருக்கறாங்க சார், தலைதான் தூக்க முடியல"ன்னாரு டெக்னீஷியன். எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு, முழிப்பு வந்து அசைய முடியாம கிடக்கறது எவ்வளவு பெரிய கொடுமை! உடனே மயக்க வாயு செவோ திரும்ப ஆன், வென்டிலேட்டர்ல போட்டேன். அப்பத்தான் மானிட்டர் வந்துச்சு. மணிக்கட்டுல வரிசையா நாலு சின்ன ஷாக் கொடுத்தா கட்டைவிரல் முதல் தடவை நல்லா துள்ளுது, நாலாவது தடவை லேசா ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். நாலாவது துள்ளலுக்கும் முதலுக்கும் ரேஷியோ 0.4. மெக்னீசியத்தை முறிக்கிற கால்சியம் குளுக்கோனேட் ட்ரேல தயாரா வச்சுக்கிட்டேன், பிரஷரும் பல்ஸும் நல்லா இருந்ததால போடல. 0.9 தாண்ட நாப்பது நிமிஷமாச்சு, அதுக்கப்புறம்தான் ட்யூப் எடுத்தேன்.

இனிமே மானிட்டர் விரல்ல மாட்டாம மெக்னீசியம் ஆரம்பிக்கறதில்ல, வயித்துல போட்ட போர்ட் குழாய்களை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடியே பம்ப்பை நிறுத்திடறேன். ரெக்கவரி சார்ட்ல சிவப்பு மையில எழுதியும் வச்சேன், மறுபடி மெக்னீசியமோ ஜென்டாமைசின் ஆன்டிபயாடிக்கோ போட்டுடாதீங்கன்னு, ரிவர்ஸ் ஆன தசை திரும்பத் தளர்ந்துடலாம்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வலி அவ்வளவா இல்ல, பாராசிட்டமாலே போதுமா இருந்துச்சு. தியேட்டர்ல நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்காம்மான்னு மெதுவா கேட்டேன்.

"அந்தக் கதகதப்பு மட்டும்தான் டாக்டர்."