பழகிப்போன இருமல்

17 வருடம் சிகரெட் பிடித்தவன் நான். ஒரு நாளைக்குச் சராசரியாக 15. கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைத்துவிடுவேன். காலையில் வரும் இருமலும் சளியும் பல் துலக்குவதைப் போல அன்றாட வேலையாகிவிட்டன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வயதாகிறது என்று நினைத்துக்கொள்வேன். வாசனை தெரிவது எப்போதிலிருந்து குறைந்தது என்றுகூடச் சொல்லத் தெரியாது. 2020 செப்டம்பரில் எனக்குக் கொரோனா வந்தபோது இந்த மூன்றும்தான் என்னை ஏமாற்றின. புகைபிடிக்கும் ஒருவராவது என்னைப் போல ஏமாறாமல் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் தொண்டை கரகரத்தது. அன்று இரவு மனைவி கேட்டாள்: "என்னங்க, இருமல் வேற மாதிரி கேக்குதே?" எப்பவும் வர்றதுதானே என்றேன். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்த பிறகுதான் பரிசோதனைக்குப் போனேன். தொற்று உறுதியானது. நடுவில் போன அந்த இரண்டு நாளும் எழுபது வயது தாண்டிய என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பால்கனிக்குப் போய் முகக்கவசத்தை இறக்கிப் புகைத்துவிட்டு, அதே கையோடு கதவையும் நாற்காலியையும் தொட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். அம்மாவுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் நான் அழுத அழுகை எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் ஏப்ரலில், புகைபிடிப்பவர்களுக்குக் கொரோனா குறைவாகத்தான் வருகிறது, நிக்கோட்டின் பாதுகாக்கிறது என்று ஒரு செய்தி பரவியது. பிரான்சில் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளில் புகைப்பவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததிலிருந்து கிளம்பிய பேச்சு அது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், நண்பர்களுக்கும் அனுப்பினேன். அடுத்த மாதமே, மே 11 அன்று, புகைபிடிப்பவர்களுக்குக் கொரோனா வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. அதை நான் படிக்கவே இல்லை. மூச்சுவிட முடியாமல் வந்து சேரும் நோயாளியிடம் புகைப்பழக்கத்தைச் சரியாகக் கேட்டுக் குறிப்பது கடினம், நோய் முற்றியதால் அண்மையில் நிறுத்தியவர் "பிடிப்பதில்லை" என்ற கணக்கில் சேர்ந்துவிடுவார் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தனி அறையில் இருந்த முதல் மூன்று நாளும் ஜன்னலோரம் நின்று புகைத்தேன். காய்ச்சலோடு, நெஞ்சு எரிய எரிய. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் 95 காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துத் தைரியமாக இருந்தேன். தொலைபேசியில் பேசிய மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா சிகரெட் எப்ப பிடிச்சீங்க?"

"அரை மணி நேரம் இருக்கும் டாக்டர்."

"அப்ப அந்த நம்பரை நம்பி உட்காராதீங்க. அறைக்குள்ளயே ஆறு நிமிஷம் நடந்துட்டு மறுபடி பாருங்க."

நடந்தேன். நான்காவது நிமிடத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. 90.

அவர் சொன்னதன் காரணத்தைப் பின்னால் தெரிந்துகொண்டேன். சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து நல்ல கணக்காகக் காட்டிவிடும். அதாவது, கருவி காட்டிய 95-ல் ஒரு பகுதி ஆக்சிஜனே அல்ல, கார்பன் மோனாக்சைடு. புகைபிடிப்பவர் யாராவது வீட்டில் தனிமையில் இருந்தால், கடைசியாகப் புகைத்த நேரத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனையில் எட்டு நாள், அதில் ஐந்து நாள் ஆக்சிஜன். அங்கே புகைக்க வழியில்லை. நோயின் வேதனை ஒரு பக்கம், நிக்கோட்டின் கிடைக்காத தவிப்பு இன்னொரு பக்கம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் மிக மோசம். கை நடுங்கியது, தூக்கம் இல்லை, மருந்து கொண்டுவந்த செவிலியரிடம் எரிந்து விழுந்தேன். அந்தச் சகோதரி கோபப்படவில்லை. "சிகரெட் பழக்கம் உண்டா அண்ணா?" என்று கேட்டுவிட்டு மருத்துவரிடம் போய்ச் சொன்னார். அன்று மாலையே தோளில் நிக்கோட்டின் பட்டை ஒட்டினார்கள். 21 மில்லிகிராம். ஆறு வாரம் அது, பிறகு இரண்டு வாரம் 14, இன்னும் இரண்டு வாரம் 7 என்று படிப்படியாகக் குறைத்தார்கள். மன உறுதி இருந்தால் போதும், மருந்து எதற்கு என்று பலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி இதற்கு முன் நான்கு முறை நிறுத்தி, நான்கு முறையும் ஒரு வாரம்கூடத் தாங்காதவன் நான். மருத்துவரைக் கேட்டு உதவி எடுத்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு திடீரென்று ஆசை கிளம்பும்போது நிக்கோட்டின் சூயிங்கம். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். முதல் வாரம் நான் அப்படித்தான் செய்தேன். நாலைந்து முறை மெல்ல மென்று, காரம் போல ஒரு சுருக்கு தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஆசை என்பதும் சில நிமிடம்தான் இருக்கும். அந்தச் சில நிமிடம் முடிவே இல்லாதது போலத் தோன்றும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முள் நகர நகரப் பிடி தளர்வது நன்றாகத் தெரியும்.

இரண்டு விஷயங்கள் என்னைப் பயமுறுத்தின. ஒன்று, நிறுத்திய பிறகு இருமல் கூடியது. தொற்று திரும்பிவிட்டதோ என்று பதறிப்போய் மருத்துவரிடம் ஓடினேன். ஸ்கேனில் நுரையீரல் தேறிவருவது தெரிந்தது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் இருக்கின்றன. சளியையும் கிருமியையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிவைத்திருந்தது. நிறுத்தியதும் அவை மறுபடி வேலை செய்யத் தொடங்குவதால், கொஞ்ச காலம் இருமலும் சளியும் கூடலாம் என்றார். இத்தனை வருடம் கிருமிக்கு வாசலைத் திறந்துபோட்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொன்று படபடப்பு. எப்போதும் குடிக்கும் அதே அளவு காப்பிதான், ஆனால் இதயம் ஓடியது. புகையில் உள்ள சில பொருள்கள் காஃபீனை உடல் வேகமாகக் கரைக்கும்படி தூண்டுகின்றனவாம். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து காஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. காப்பியைப் பாதியாக்கினேன், நின்றுவிட்டது. சிகரெட்டை விட்டதால் வந்த தவிப்பு என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

ஏழாவது வாரம் ஒரு நாள் தவறினேன். ஒரு துக்க வீட்டில், பழைய நண்பன் நீட்டியதை வாங்கிவிட்டேன். பாதிக்கு மேல் முடியவில்லை. அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். "பரவாயில்லங்க, நாளைக்குப் பிடிக்காதீங்க" என்றாள். மறுநாள் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை.

நான்காவது மாதம் மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். வாசனை மெதுவாகத் திரும்பியது. கொரோனா பறித்ததா, புகை பறித்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பீரோவின் அடியில் கிடந்த பழைய சட்டையை எடுத்தபோது அதிலிருந்து வந்த நாற்றம் குடலைப் புரட்டியது. என் மகள் இத்தனை வருடம் அந்தச் சட்டையின் மேல்தான் தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறாள்.

2022 ஜனவரியில் ஒரு நள்ளிரவு, தூக்கத்தில் இரண்டு முறை இருமினேன். இரண்டே முறை. மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள். நானும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் இருமல் சத்தம் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். விடிந்ததும் முதல் ஆளாகப் பரிசோதனைக்கு நின்றேன்.