புன்சோலிங் வாசலில் மூன்று நாள்

2019 மார்ச்சில் என் புல்லட்டில் பூட்டான் போனேன். சிலிகுரியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டி, இந்தியப் பக்கத்து எல்லை ஊரான ஜெய்காவ் வந்து சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை இருட்டிவிட்டது. குடியேற்ற அலுவலகத்துக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. அப்போதெல்லாம் எல்லை வாசலைத் தாண்டி, பூட்டான் பக்கத்து ஊரான புன்சோலிங்குக்குள் நம் ஆட்கள் யாரும் போய் வரலாம். ஆனால் அதற்கு மேல் மலையேற அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் ரிஞ்சன்டிங் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிழமை பார்க்காமல் கிளம்பியதால் இரண்டு நாள் போயிற்று.

திங்கள் காலை விண்ணப்பம், புகைப்படம், ஹோட்டல் பதிவு, எந்த நாள் எந்த ஊர் என்ற பட்டியல் எல்லாவற்றோடும் வரிசையில் நின்றேன். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டைதான் செல்லும். எனக்கு முன்னால் நின்றவர் ஆதார் மட்டும் வைத்திருந்தார்; இந்தியத் தூதரக அலுவலகத்தில் அடையாளச் சீட்டு வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். நான் தனியாள் என்பதால் ஓர் உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு முத்திரை போட்டார்கள்.

அப்புறம் வண்டிக்குத் தனி அனுமதி. போக்குவரத்து அலுவலகத்தில்தான் சிக்கல். வாக்காளர் அட்டையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அப்பா பெயர் அடுத்த வரியில். ஆர்.சி. புத்தகத்திலோ இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் போட்டிருக்கிறார்கள்.

"இது யார்?"

"என் அப்பா, சார்."

"அப்படியென்றால் வண்டி அப்பாவுடையதா?"

நம் ஊர் வழக்கத்தை விளக்க அரை மணி நேரமானது. அவர் எரிச்சலே படவில்லை. அட்டையில் அப்பா பெயர் இருக்கும் வரியைக் காட்டி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அன்றைக்கு இல்லாத கட்டணம் இப்போது உண்டு: 2022 செப்டம்பர் முதல் இந்தியர்களும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும்.

புன்சோலிங்கில் வாங்கிய சீட்டு திம்புவுக்கும் பாரோவுக்கும் மட்டும்தான். புனாகா போக திம்புவில் இன்னொரு அனுமதி வாங்கினேன். திம்புவில் சிக்னல் விளக்கே கிடையாது; சின்னக் கூண்டில் நின்று போலீஸ்காரர் கையசைக்கிறார். சாலையைக் கடக்கும் வரிக்கோட்டில் யாராவது கால் வைத்தால் அத்தனை வண்டியும் நிற்கிறது. ஹார்ன் சத்தமே இல்லை. முதல் நாள் நான் அடித்த ஹார்னுக்கு ஒரு பாட்டி திரும்பிப் பார்த்த பார்வையோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். டோச்சுலா கணவாயில் 108 ஸ்தூபிகளின் அருகே வண்டியை நிறுத்தியபோது, காத்திருந்த நாட்கள் கொஞ்சமும் வலிக்கவில்லை.

திரும்பும்போது ரிஞ்சன்டிங்கில் வெளியேறும் முத்திரை வாங்கியே ஆக வேண்டியிருந்தது. அன்று மழையும் பனிமூட்டமும். முத்திரை வாங்காமலே சாவடியைத் தாண்டி இறங்கிவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்தது. வண்டியைத் திருப்பி, நனைந்தபடியே மறுபடி ஏறினேன். அதிகாரி சீட்டின் தேதியைப் பார்த்தார், முத்திரை குத்தினார், மழை விடும்வரை உள்ளே உட்காரச் சொன்னார்.