மைப்படிச் சுருள்கள்

8 பிப்ரவரி 2024

கல்வெட்டுகளைத் தாளில் மையால் படி எடுக்கவும் படிக்கவும் எனக்குக் கற்றுத் தந்த மூத்த அலுவலர் இன்று விடியற்காலையில் காலமானார். பதினெட்டு ஆண்டுகள் உடன் பணியாற்றியும் அவரை நான் ‘ஐயா’ என்றே அழைத்தேன். அவரோ என்னை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை.

10 பிப்ரவரி

கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலைக்கு முதன்முறை அவருடன் சென்ற நாளே மனத்தில் நிற்கிறது. பாறையைக் கழுவித் தேய்த்து, நனைத்த தாளை ஒட்டி, காற்றுக்குமிழி தங்காதபடி தூரிகையால் அடித்து, தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கி ஓரளவு உலர்ந்த பிறகே மை தொட்ட துணிப்பந்தால் ஒற்ற வேண்டும். நான் அவசரப்பட்டேன், மை ஊறிப் பள்ளங்களையும் நிரப்பிவிட்டது. ஐயா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

சேரர் மூன்று தலைமுறையினரைச் சொல்லும் அங்குள்ள தமிழ்ப் பிராமி (தமிழின் மிகப் பழைய எழுத்து) கல்வெட்டின் வாசிப்பைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1965இலேயே அறிவித்திருந்தும், அதைக் காட்டாமல் என்னையே எழுத்துக்கூட்ட வைத்தார். நான் ‘இளங்கடுங்கோ’ என்றதும், “இகரம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்றார். கல்லில் இருப்பது ‘ளங்கடுங்கோ’தான். தெரிந்த பெயரைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

15 பிப்ரவரி

புதிதாகக் கிடைத்த கல்வெட்டின் படியை, தாம் கட்டுரை எழுதி முடிக்கும்வரை பிறர் கண்ணில் காட்டாமல் வைத்திருப்போர் எங்கள் துறையில் உண்டு (நானும் வைத்திருக்கிறேன்). ஐயா கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். அவர் தந்த படியை வைத்து ஒருவர் அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் கட்டுரை வெளியிட்டபோது கோபப்பட்டவன் நான்தான். அவரோ அதில் இரண்டு எழுத்துகள் பிழையாகப் படிக்கப்பட்டிருப்பதைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு, திருத்தத்தை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார்.

23 பிப்ரவரி

கருமாதி முடிந்ததும் அவர் துணைவியார் பரணிலிருந்த சுருள்களை என்னிடம் ஒப்படைத்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊர், நாள், தண்ணீர் சுமந்து வந்தவரின் பெயர் எல்லாம் பென்சிலில் எழுதப்பட்டுள்ளன. செங்கம் பக்கத்து வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்துமுறை) நடுகல் ஒன்றின் படியும் அதில் இருந்தது. நான் அறிந்தவரை வெளியாகாதது. நானே எழுதிவிடலாமே என்ற எண்ணம் மதியம் முழுவதும் விடவில்லை. நடுகற்களில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் சென்ற மாதம் அந்தப் பகுதிப் படிகளை ஐயாவிடம் கேட்டிருந்தார். இரவு படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டேன். மூன்றாம் வரியில் ஐயா படிக்க முடியாமல் புள்ளியிட்டு விட்டிருந்த இரண்டு எழுத்துகள் எனக்கும் பிடிபடவில்லை.