காருக்குள் இருக்கும் பிளாஸ்டிக்குக்கு வீட்டிலேயே பெயிண்ட்: உரியாமல் நிற்க வேண்டுமென்றால்

சென்டர் பெசல் (டேஷ்போர்டின் நடுவே ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள சட்டம்), பவர் விண்டோ சுவிட்ச் பேனல், ஏசி வென்ட்டைச் சுற்றியுள்ள சட்டம். சில்வர் கலர் தேய்ந்து அசிங்கமாகத் தெரிவது பெரும்பாலும் இவைதான். ஸ்ப்ரே டப்பா வாங்கி அடித்தால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். மூன்று மாதம் கழித்து நகம் பட்டால் வெயிலில் கருகிய தோல் மாதிரி உரிந்து வரும். பெயிண்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. அடியில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று பார்க்காமல் அடித்திருப்பார்கள், அல்லது வருடக்கணக்கில் பூசிய டேஷ்போர்டு பாலிஷ் முழுசாகப் போயிருக்காது.

பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் வகை அச்சாகியிருக்கும். ஏபிஎஸ், பிசி+ஏபிஎஸ் என்று இருந்தால் நிம்மதி. பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். பிபி, பிபி+இபிடிஎம்-டிடி20 என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். கதவு பேடும் டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியும் பெரும்பாலும் இந்த ஜாதிதான். சாப்பாட்டு டப்பா மாதிரி மெழுகுத்தனமான மேற்பரப்பு. செல்லோடேப்பே சரியாக ஒட்டாத இடத்தில் பெயிண்ட் எப்படி ஒட்டும்? இதற்கு அட்ஹெஷன் ப்ரமோட்டர், அதாவது பெயிண்டைப் பிடிக்கவைக்கும் அடிக்கோட், கட்டாயம். கடையில் "பிளாஸ்டிக் பிரைமர்" என்று பொதுவாகக் கேட்டால் சாம்பல் நிறப் பிரைமரைத் தூக்கிக் கொடுப்பார்கள். அது கீறலை நிரப்பும், எல்லா வகையும் பிபி-யில் பிடிக்காது. டப்பாவில் பிபி அல்லது டிபிஓ (பிபி-யோடு ரப்பர் கலந்தது) பிளாஸ்டிக்குக்கு உரியது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும்.

அச்சு இல்லாத பாகத்தைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள்: மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ். பாதிதான் சரி. வெறும் பிபி-யின் அடர்த்தி 0.9, மிதக்கும். ஆனால் டிடி20 என்பது 20 சதவீதம் டால்க் கலந்தது, முகப்பவுடரில் இருக்கும் அதே தூள். அதுவும் ஏபிஎஸ் மாதிரியே மூழ்கும். சந்தேகம் வந்தால் ப்ரமோட்டர் அடித்துவிடுவது நல்லது.

கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள்; ஓரத்தில் பள்ளம் விழும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் மலிவுதான். கிளிப் குளிரில் சட்டென்று முறியும், அதனால் வண்டியைக் கொஞ்சம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். ஏர்பேக் பக்கம் போவதாக இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியின் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும்.

ஏர்பேக் மூடி மேல் பெயிண்ட் மட்டும் வேண்டாம். ஸ்டீயரிங் நடுப்பகுதி, பயணி பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுதிய இடம், கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் கண்ணாடியோரத் தூண் மூடி, எதுவுமே. அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. பெயிண்டும் தின்னரும் அந்தக் கணக்கை மாற்றலாம், உரிந்த சில்லு முகத்தில் பறக்கலாம்.

அடுத்தது கழுவுதல். சலிப்பான வேலை, ஆனால் அவசரப்பட்டால் பிறகு திருத்தவே முடியாத இடம் இதுதான். பாத்திரம் தேய்க்கும் லிக்விட், வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ். சொரசொரப்பின் பள்ளத்துக்குள் போய்த் தேய்க்க வேண்டும். அலசிக் காயவைத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இரண்டு துணி வேண்டும்: ஒன்றை நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் பாலிஷில் உள்ள சிலிக்கான் இங்கிருந்து அங்கே நகருமே தவிர வெளியே போகாது. கொஞ்சம் தங்கினாலும் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி, மீன் கண் மாதிரி வட்டக்குழி விழும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் அந்தக் குழி மறையாது. ஆல்கஹாலுக்குப் பதில் ஹேண்ட் சானிடைசர் போடாதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும். என்.சி. தின்னரும் அசிட்டோனும் கூடவே கூடாது. ஏபிஎஸ் மேல் பட்டால் கரையும், இல்லாவிட்டால் மயிரிழை விரிசல் விடும்.

பழைய ரப்பர் மாதிரிக் கோட்டிங் பிசுபிசுவென்று இருந்தால் அதன் மேல் எதுவும் நிற்காது. ஈரப்பதத்தில் பாலியூரத்தேன் சிதைந்து அப்படி ஆகிறது. ஆல்கஹாலில் ஊறிய துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டுவைத்து, வழித்து, திரும்பவும் போட்டு, அடிப்பிளாஸ்டிக் வரை எடுத்துவிட வேண்டும்.

வழவழப்பான பாகத்துக்கு 600 வாட்டர் பேப்பர், பிறகு 800, இரண்டும் சோப்புத் தண்ணீரோடு. சொரசொரப்பான பாகத்துக்கு உப்புத்தாளே வேண்டாம். மேடு மட்டும் தேய்ந்து வழுக்கைத் திட்டு விழும். சாம்பல் நிற ஸ்கஃப் பேடு போதும். சமையலறைப் பச்சை ஸ்கிரப்பர் கீறல் போடும். பிபி-யைக் காய்ந்த தாளால் அழுத்தித் தேய்த்தால் நார் நாராக எழும்பும், பெயிண்டுக்கு அடியில் அது மீசை மாதிரி தெரியும்.

வானிலையைப் பார்த்து நாள் குறியுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாளில் தொடவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படியும். கறுப்பு பெயிண்ட் விபூதி பூசியதுபோல வெளுக்கும். மே மாத மதியத்தில் இதற்கு நேர் எதிர்ச் சிக்கல்: துளிகள் பாதி வழியிலேயே காய்ந்து, தொட்டால் மணல் மாதிரி நெறுநெறுக்கும். வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணி வாக்கில், காற்றோட்டமான நிழலில், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடிப்பது வசதி. வெறும் துணி முகக்கவசம் பெயிண்ட் ஆவியைத் தடுக்காது; கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் போடுங்கள். ஹார்டனர் கலக்கும் 2கே கிளியரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, அதை வீட்டில் அடிக்க நான் சொல்லமாட்டேன்.

டப்பாவுக்குள் குண்டு சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ப்ரமோட்டர் மெல்லிசாக ஒரு கோட், அதன் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பெயிண்ட். 20 முதல் 25 செ.மீ. தூரம், பாகத்துக்கு வெளியே பட்டனை அழுத்தி, குறுக்கே ஓட்டி, வெளியே போய் விடவேண்டும். முதல் கோட்டில் பழைய கலர் பாதிக்கு மேல் தெரிய வேண்டும். அங்கேதான் கை பரபரக்கும். மூடிவிடலாம் என்று ஒரு தடவை கூட ஓட்டினால் ஓரத்தில் ஒழுகும், சொரசொரப்பும் நிரம்பிப் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட். 400 மில்லி டப்பா ஒன்று சென்டர் பெசலுக்கும் நான்கு சுவிட்ச் பேனலுக்கும் தாராளம்.

மேட் கறுப்பு அல்லது சாட்டின் எடுங்கள். டேஷ்போர்டின் மேல்பக்கம் பளபளத்தால் முன் கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே வருவதை மறைக்கும். பியானோ கறுப்பு நம் ஊர்த் தூசிக்கு ஒரு வாரம் தாங்காது. கியர் நாப், கதவை இழுக்கும் கைப்பிடி இரண்டையும் விட்டுவிடுங்கள். வியர்வையும் நகமும் படும் இடத்தில் ஹார்டனர் கலக்காத ஸ்ப்ரே பெயிண்ட் தேய்ந்துதான் போகும்.

முழுசாக அடிப்பதற்கு முன் பின்பக்கம் ஓரிடத்தில் இதே முறையில் அடித்து, ஒரு நாள் விட்டு, பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் மறுபடி கழுவுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கிளிப், கொக்கி, சுவிட்ச் உட்காரும் துளையின் விளிம்பு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடியிருக்க வேண்டும். அங்கே பெயிண்ட் ஏறினால் பாகம் சரியாக உட்காராது; உட்கார்ந்தாலும் மேடுபள்ளத்தில் கிரீச் என்று கத்தும். அரை மணியில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். மூன்று நாள் கழித்து மாட்டி, ஒரு வாரத்துக்குச் சானிடைசர் பூசிய கையை அதன் மேல் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் பட்டால் விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும்.