அள்ளிட்டுப் போனா முடிஞ்சுதா?

2024 டிசம்பர்ல நம்ம திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளாவுல இருந்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டாந்து கொட்டினானுவளே, மறந்துராதீங்க மக்கா. ஊசி, கையுறை, ரத்தக்கறையோட பஞ்சு, நோயாளி பேர் போட்ட சீட்டு. ஆடு மேயுற காடு அது.

சுற்றுச்சூழல் வழக்கை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மூணு நாள் கெடு வெச்ச பிறகுதான் கேரள அதிகாரிங்க லாரியோட வந்து அள்ளுனாங்க. மருத்துவக் கழிவுப் பைக்கு பார்கோடு ஒட்டணும், சுத்திகரிக்காம 48 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுன்னு 2016 விதியே இருக்கு. பிறகு எப்படி இத்தனை செக்போஸ்ட் தாண்டி வந்துச்சு?

கெடு வைக்க ஆள் வேணும், இல்லேன்னா இழுத்துக்கிட்டே போகும். போபால்ல 1984 விஷவாயு ஆலைக் கழிவு 337 டன், 2025 ஜனவரியிலதான் எரிக்கிற ஆலை இருக்க பீதம்பூருக்குக் கிளம்பிச்சு. யார் எடுக்க, எங்க எரிக்கன்னு கோர்ட்டும் அரசுகளும் இழுத்து இழுத்து 40 வருஷம். அந்த மண்ணுல குடியிருந்த சனங்கதான் பாவம்.

நம்ம ஊர்ல கொட்டுன இடத்து மண்ணையும் சுத்தி இருக்க கிணத்துத் தண்ணியையும் சோதிச்சு, முடிவைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவர்ல தமிழ்ல ஒட்டணும். அடுத்த கிராமசபையில மனு கொடுக்கப் போறேன். சுத்தமல்லி, பேட்டை ஆளுங்களும் கையெழுத்துப் போட வாங்க.