60,000 ரூபாய்க்குள் கேமிங் கணினி: பாகங்களை எந்த வரிசையில் முடிவு செய்வது?

நண்பர்களும் உறவினர்களும் கேமிங் கணினி வாங்கப் புறப்பட்டால், கடையில் கொடுத்த கொட்டேஷனை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரிதானா என்று கேட்பார்கள். அண்மையில் அக்கா மகன் அனுப்பியதில், "ஐ7 பிராசஸர், 16 ஜி.பி. ரேம், 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ். உடன் கேபினட்" என்று நான்கே வரிகள் இருந்தன. எந்தத் தலைமுறை ஐ7, எந்த மாடல் கார்டு என்ற விவரம் இல்லை. கேட்டுப் பார்க்கச் சொன்னேன். பிராசஸர் 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை. கார்டு 2014-இல் வந்த ஜி.டி. 730. பெயரில் கம்பீரமும் உள்ளே பத்தாண்டுப் பழமையும் கொண்ட இத்தகைய கணினிகளைப் புதிதாக விளையாட வரும் பிள்ளைகளின் தலையில் கட்டுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. அவனுக்கு எழுதி அனுப்பியதை விரித்து இங்கே பதிகிறேன்.

ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மற்றவற்றைத் தூக்கி எறியாமல், இதை மட்டும் பின்னாளில் மாற்றவோ கூட்டவோ முடியுமா? முடியுமென்றால் இப்போது சிக்கனமாக வாங்கலாம். முடியாதென்றால் அங்கேதான் பணத்தைப் போட வேண்டும்.

முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். ஒரு கார்டு எத்தனை புள்ளிகளை வரைய வேண்டும் என்பதைத் திரைதான் தீர்மானிக்கிறது. 1920 × 1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 2560 × 1440 திரையில் 36.9 லட்சம். இந்தப் பட்ஜெட்டில் 1080 திரையோடு நிற்பதே அறிவுடைமை. நான் சொல்லும் 60,000 ரூபாயில் மானிட்டர் சேராது என்பதையும் கவனத்தில் கொள்க.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இதற்கு ஒதுக்க வேண்டும். இங்கே மாடல் எண்ணை எழுத்தெண்ணிப் படிப்பது அவசியம், ஏனெனில் ஒரே பெயரில் வெவ்வேறு கார்டுகள் விற்கப்படுகின்றன. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற பெயரில் 2022-இல் வந்த கார்டுக்கு 8 ஜி.பி. நினைவகமும் 2,560 கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) உண்டு. அதே பெயரில் 2024-இல் வந்த 6 ஜி.பி. கார்டுக்குக் கோர்கள் 2,304 மட்டுமே, நினைவகத்துக்கான பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறுகிவிட்டது. பின்னதற்குத் தனி மின் இணைப்பு வேண்டியதில்லை என்பதால், பழைய அலுவலகக் கணினியில் பொருத்த அது நல்ல கார்டு; புதிதாகக் கணினி கட்டுபவருக்கு அன்று. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டோ 4 ஜி.பி. நினைவகத்தோடு வருவதுடன், எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டோடு நான்கே பி.சி.ஐ. லேன்கள் (தரவு செல்லும் தடங்கள்) வழியாகப் பேசுகிறது; மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. மட்டுமே உள்ள போர்டில் அதைப் பொருத்தினால் வேகம் கண்கூடாகச் சரியும். இன்றைய பெரிய கேம்களுக்கு 8 ஜி.பி.யைக் குறைந்தபட்சமாகக் கொள்ள வேண்டும். அந்த அளவோடு 132 வாட் மின்சாரத்தில் 1080 திரையை நன்றாகச் சமாளிக்கும் ஆர்.எக்ஸ். 6600 கார்டைத்தான், கடையில் புதிதாகக் கிடைக்கும் வரை, நான் இந்தப் பட்ஜெட்டுக்குப் பரிந்துரைப்பேன். வாலரண்ட் போன்ற இலகுவான கேமை மட்டும் விளையாடுவோருக்கு இவ்வளவும் தேவையில்லை.

பிராசஸரில் ஆறு கோர் போதும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 அல்லது இன்டெலின் ஐ5-12400எஃப், இரண்டில் எது போர்டோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். 5600-க்கும் 5600ஜி-க்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு என்று நினைத்துவிடக் கூடாது. 5600ஜி-இல் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஆனால் எல்3 கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் விரைவு நினைவகம்) 32 எம்.பி.க்குப் பதில் 16 எம்.பி.தான், பி.சி.ஐ.யும் மூன்றாம் தலைமுறைதான். கார்டை ஆறேழு மாதம் கழித்துத்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு அது பொருந்தும். போர்டைப் பொறுத்தவரை, ரைசனுக்கு பி550 நல்ல தேர்வு. பழைய பி450 வாங்கினால், பெட்டியைத் திறக்கும் முன்பே 5600-ஐ ஏற்கும் பயாஸ் (போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) அதில் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கணினிப் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கேபினட்டோடு சேர்த்துத் தரப்படும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கையில் எடுத்து, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். அதற்குக் கீழே +12வி என்ற கட்டத்தில் 16 ஆம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டை அதனால் பெருக்கிப் பாருங்கள். 192 வாட். பிராசஸரும் கார்டும் தமக்கான மின்சாரத்தை இந்த 12 வோல்ட் பாதையிலிருந்தே எடுக்கின்றன. கார்டுக்கு 132, முழு வேலையில் பிராசஸருக்கு 76 என்று வைத்தாலே 208 ஆகிவிடுகிறது. கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கணினி அணைந்து போவதோடு முடிந்தால் அது நல்ல காலம். எஸ்.எம்.பி.எஸ். பழுதாகிப் போகும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போவதும் உண்டு. தரமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். இந்தப் பாதையில் மட்டும் 40 ஆம்பியருக்கு மேல் தரும். நாளை பெரிய கார்டு வாங்கினாலும் அதுவே தாங்கும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் வீணாகாமல் மாற்றப்படுகிறதா என்பதற்கான சான்று மட்டுமே, பாதுகாப்புக்கான சான்று ஆகாது. ஆகவே ஓவர் கரன்ட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் உண்டா, உத்தரவாதம் ஐந்து ஆண்டா என்பதையும் பாருங்கள். வீட்டில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்ப்பதும் இந்தச் செலவிலேயே அடங்கும்.

ரேமும், கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.யும் பின்னால் கூட்டிக்கொள்ளக் கூடியவை. 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியதால், டி.டி.ஆர்.5 என்ற புதிய வகை ரேமைக் கேட்கும் ஏ.எம்.5 போர்டுக்கு (புதிய ரைசன்களுக்கானது) போகாமல், முந்தைய வகையான டி.டி.ஆர்.4-இலேயே இருப்பது பட்ஜெட்டைக் காப்பாற்றும். 8 ஜி.பி. ஸ்டிக் இரண்டாக வாங்குவது நல்லது. ஒரே 16 ஜி.பி. ஸ்டிக் போட்டால் பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதையில் பாதி வெறுமனே கிடக்கும். எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி. போதும். கேபினட்டில் விளக்குகளைப் பார்க்காமல் முன்பக்கம் வலையாக இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி முகப்புக்குள் காற்று நுழைய வழியிருக்காது.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, ஆன்லைன் விலையோடு ஒப்பிட்டுப் பேசலாம். பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உத்தரவாதம் கேட்டுப் போகும் நாளில் அவைதான் கைகொடுக்கும்.

கணினியைக் கட்டி முடித்ததும், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். ரேம் ஸ்டிக்குகள், நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். பிறகு பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடச் செய்யும் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்குங்கள்; இல்லாவிட்டால் 3200 வேகத்துக்குப் பணம் கொடுத்து வாங்கிய ரேம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கும். நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பிலும் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் அது பெரும்பாலும் 60-இலேயே நிற்கும்.